மறுகால்

ஊர்ப் பெயரைத் தமிழில் அடித்ததும் கடலைமிட்டாய் விலை கிலோவுக்கு மைனஸ் 52,75,853 ரூபாய் 12 பைசா ஆகிவிட்டது. அடித்த ஊர் கோவில்பட்டி. நண்பனின் மாமா கண்ணாடியைக் கழற்றி, துண்டில் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். “எலே, மிட்டாயும் குடுத்து அரைக்கோடியும் நாமதான் குடுக்கணுமாக்கும்?” என்றார். 2020இல் கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோதுகூட யாரும் இந்த மாதிரி விலையை யோசித்திருக்க மாட்டார்கள்.

பில் போடும் அந்த நிரலை நண்பன் 2004இல் சி மொழியில் எழுதினான். மாமா கடைக்காக எழுதியது. பிறகு மூலநிரலைக் கட்டற்ற உரிமத்தில் பொதுவில் வைத்தான். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம். இருபது வருடம் அது ஒழுங்காகத்தான் ஓடியது. அதுவரை எல்லாம் ஆங்கில எழுத்தில் அடித்தார்கள். போன வருடம் மாமாவுக்கு பில் தமிழில் வர வேண்டும் என்று ஆசை வந்தது. தமிழில் அடித்தார்கள், விலை தலைகுப்புற விழுந்தது. சரி, புதுக் கணினியில் மறுபடி கம்பைல் செய்து பார்ப்போம் என்றால், ஜிசிசி 14 கம்பைலர் “கெட்ஸ்” என்று ஒன்றைத் தனக்குத் தெரியவே தெரியாது என்று நின்றுவிட்டது. அந்தக் கட்டத்தில்தான் நண்பன் என்னைக் கூப்பிட்டான்.

முதலில் விலை எப்படி அப்படி ஆனது என்று பார்த்தேன். ஊர்ப் பெயருக்கு 20 பைட் இடம் ஒதுக்கியிருந்தான். ஆங்கிலத்தில் எழுதினால் கோவில்பட்டிக்கு 10 எழுத்து, 10 பைட், முடிவைக் காட்டும் சுழி ஒன்று. 20 என்பது அன்றைக்குத் தாராளம். தமிழில் கண்ணுக்குத் தெரிவது ஆறு எழுத்து. ஆனால் யுனிகோடு கணக்கில் உயிர்க்குறிக்கும் புள்ளிக்கும் தனித்தனிக் குறியீடு. அப்படி எண்ணினால் 11. யுடிஎஃப்-8இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் பிடிக்கும். ஆக 33, சுழியோடு 34. இருபது கொள்ளும் இடத்தில் 34 வந்தால் மீதி 14 பக்கத்து இடத்தில் ஏறி உட்காரும். பக்கத்து இடம் எடை. அதற்கடுத்தது விலை. எடையை நிரல் பிற்பாடு கேட்டு வாங்கி எழுதிக்கொள்வதால் அங்கே விழுந்த குப்பை மறைந்துவிட்டது. விலையோ முன்கூட்டியே பைசாக் கணக்கில் எழுதிவைத்தது. அதன் மேல் விழுந்த நான்கு பைட் அப்படியே நின்றது. எந்த நான்கு என்று எண்ணிப் பார்த்தேன். “பட்டி”யில் வரும் ட் இருக்கிறதே, அதன் தலையில் இருக்கும் புள்ளி மூன்று பைட். அடுத்து வரும் டகரத்தின் முதல் பைட் ஒன்று. இந்த நான்கையும் ஓர் எண்ணாக வாசித்தால் மைனஸ் 52,75,85,312 வருகிறது. ஒற்றெழுத்தின் புள்ளி விலையாகிவிட்டது.

எனக்கு இதில் பிழையின் மேல் கோபம் வரவில்லை, சத்தமே இல்லாமல் நடந்ததுதான் உறைத்தது. எங்கள் பக்கம் தீப்பெட்டிக்குக் குச்சி அடைத்த கை எந்த வீட்டிலும் ஒன்றிரண்டு இருக்கும். கொள்ளுகிற அளவுக்கு மேல் திணித்தால் பெட்டி மூடாது, இல்லை அட்டை பிதுங்கும். பெட்டியே சொல்லிவிடும். கணினியின் நினைவகம் சொல்லாது. அது ஒரே நீளமான கரிசல் காடு மாதிரிக் கிடக்கிறது. வரப்பு என்பது நிரல் எழுதியவன் மனதில் மட்டும் இருக்கிறது.

*

கெட்ஸ் என்ற செயற்கூறு செய்வது ஒரே வேலை. விசைப்பலகையிலிருந்து, அல்லது வேறு எங்கிருந்து வந்தாலும் சரி, ஒரு வரியை வாங்கி, சொன்ன இடத்தில் கொட்டும். எங்கே கொட்ட வேண்டும் என்பதை அதனிடம் சொல்லலாம். எவ்வளவு கொள்ளும் என்று சொல்ல வழியே கிடையாது. கேள்வி கேட்க அதற்கு வாய் வைக்கவில்லை. ஆகவே கவனமாகப் பயன்படுத்தினால் போதும் என்ற பேச்சு இங்கே செல்லாது. அரிவாளைக் கவனமாகப் பிடிக்கலாம், பிடி என்று ஒன்று இருப்பதால்.

இது ஏழாம் பதிப்பு யூனிக்ஸ் காலத்து வழக்கம், 1979. பெல் ஆய்வகத்தில் கணினியின் முன்னால் உட்கார்ந்தவரும் நிரலை எழுதியவரும் ஒரே தாழ்வாரத்தில் நடந்தவர்கள். அடிக்கிறவர் 80 எழுத்துக்கு மேல் அடிக்க மாட்டார் என்பது அங்கே ஒரு நம்பிக்கை, தெரிந்த கடையில் பற்று எழுதிக்கொள்வது மாதிரி. அந்த நம்பிக்கையைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஊரே தெரிந்தவர்களாக இருந்தபோது திண்ணைக்குக் கதவு கிடையாது.

நம் ஊர் மாணவர்களிடம் அது வந்து ஒட்டிக்கொண்ட காரணம் வேறு. போர்லாண்ட் நிறுவனம் 1990களின் தொடக்கத்தில் டாஸுக்காக வெளியிட்ட டர்போ சி++ என்ற நீலத்திரையில்தான் நாங்கள் எல்லோரும் சி படித்தோம். அதற்குப் பிறகு எத்தனையோ கம்பைலர்கள் இலவசமாக வந்தும், டாஸ்பாக்ஸ் என்ற போலி டாஸுக்குள் அந்த நீலத்திரையைத் திரும்ப உயிர்ப்பித்து இன்னும் ஒரு தலைமுறைக்குக் கற்றுக்கொடுத்தார்கள். ரெக்கார்டு நோட்டில் மாணவன் பெயர், மதிப்பெண், தரம் என்று ஒரு நிரல் கட்டாயம் இருக்கும். பெயரை ஸ்கேன்எஃப் என்ற செயற்கூற்றை வைத்து வாங்கினால் அது இடைவெளி வந்ததும் நிறுத்திக்கொள்ளும். நம் பெயருக்கு முன்னால் ஒரு இனிஷியல் இருக்கிறது. “எஸ் முருகன்” என்று அடித்தால் “எஸ்” மட்டும் உள்ளே போகும், முருகன் வாசலில் நிற்பார். ஆய்வகத்தில் ஆசிரியர் வந்து பார்த்து, “கெட்ஸ் போடுப்பா, சரியாயிரும்” என்பார். சரியாகிவிடும். தகப்பன் பெயரின் முதலெழுத்து நம்மை கெட்ஸிடம் கொண்டுபோய் விட்டது.

அதிலும் ஒரு சிக்கல் உண்டு, படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். முதலில் வரிசை எண்ணை ஸ்கேன்எஃப்பில் வாங்கிவிட்டு அடுத்து பெயரை கெட்ஸில் வாங்கினால், பெயர் கேட்காமலே தாண்டிப் போய்விடும். எண்ணுக்குப் பின்னால் தட்டிய என்டர் விசை உள்ளே தேங்கி நிற்கும். அதை கெட்ஸ் வெறும் வரி என்று எடுத்துக்கொள்ளும். அதற்கு மருந்தாக “எஃப்ஃப்ளஷ்” என்று ஒன்றைப் போடச் சொன்னார்கள். உள்வரும் வழியில் அது என்ன செய்யும் என்று சி தரநிலை உறுதி எதுவும் தரவில்லை. டர்போ சி-யில் வேலை செய்தது, அவ்வளவுதான். ஏன் போடுகிறோம் என்று நானும் கேட்டதில்லை. அந்தத் தேங்கி நின்ற என்டரை இப்போது நினைத்துக்கொள்வதற்குக் காரணம் இருக்கிறது, பிறகு வருகிறேன்.

*

1988 நவம்பர் 2ஆம் தேதி இரவு அமெரிக்கப் பல்கலைக்கழகக் கணினிகளில் ஒரு நிரல் தன்னைத்தானே நகலெடுத்துப் பரவியது. எழுதியவர் ராபர்ட் டாப்பன் மோரிஸ், கார்னெல் பல்கலைக்கழக மாணவர், 22 வயது. அது நுழைந்த வழிகளில் ஒன்று ஃபிங்கர் என்ற சிறு சேவை. இன்னார் கணினியில் இருக்கிறாரா என்று கேட்டால் பதில் சொல்லும், தெருவில் வீடு விசாரிப்பது போல ஒரு வேலை. கேள்வியை வாங்கிக்கொள்ள அது கெட்ஸைப் பயன்படுத்தியது. 512 பைட் இடம் வைத்திருந்தது. மோரிஸின் நிரல் 536 பைட் அனுப்பியது. கூடுதலாக வந்த 24 பைட், வேலை முடிந்ததும் எங்கே திரும்ப வேண்டும் என்று எழுதிவைத்திருந்த முகவரியின் மேல் போய் விழுந்தது. திரும்ப வேண்டிய நிரல் மோரிஸ் அனுப்பிய கட்டளைகளுக்குள் திரும்பியது. பாதிக்கப்பட்டவை சுமார் 6,000 கணினிகள் என்று அப்போது மதிப்பிட்டார்கள். மோரிஸுக்கு மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேர சமூக சேவை, 10,050 டாலர் அபராதம். பின்னாளில் அவர் எம்ஐடியில் பேராசிரியரானார்.

மாமாவின் விலைக்கு நேர்ந்ததும் ஃபிங்கருக்கு நேர்ந்ததும் ஒன்றே. ஒன்றில் ஊர்ப் பெயர் தெரியாமல் வழிந்தது, இன்னொன்றில் ஒருவர் அளந்து வழியவிட்டார்.

பெர்க்லியிலிருந்து ஓரிரு நாளில் ஓட்டையை அடைக்கும் ஒட்டு வந்துவிட்டது. கெட்ஸ் இருந்த இடத்தில் எஃப்கெட்ஸ். அதனிடம் எவ்வளவு இடம் இருக்கிறது என்று சொல்லலாம், அதற்கு மேல் வாங்காது. மொழியிலிருந்து அந்தப் பெயரை எடுக்கத்தான் நாளானது. 1989இல் வந்த முதல் சி தரநிலையில் கெட்ஸ் இருந்தது. 1999இல் மறுபடி கூடியபோது, ஆபத்து என்று சிலர் சொல்கிறார்கள், ஆனால் உள்ளே வருவது நம் கட்டுப்பாட்டில் இருக்கும்போது வசதியாக இருக்கிறது, நெடுநாள் வழக்கம் வேறு என்று குழு எழுதிவைத்தது. நெடுநாள் வழக்கம் என்ற வாதத்தை நம் ஊர்ப் பஞ்சாயத்துகளில் நிறையக் கேட்டாயிற்று. 2007இல் வழக்கொழியத்தக்கது என்று குறித்தார்கள். 2011இல் எடுத்தார்கள். மோரிஸ் நிரல் பரவிய இரவிலிருந்து 23 வருடம்.

எடுத்த பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. 2012இல் குனு சி லைப்ரரியின் 2.16ஆம் பதிப்பு புதிய தரநிலைக்கு ஏற்ப கெட்ஸின் அறிவிப்பை மறைத்தது. உடனே ஏராளமான கட்டற்ற மென்பொருட்கள் கம்பைல் ஆகாமல் நின்றன. எம்4 என்ற பழைய கருவியின் 1.4.16ஆம் பதிப்பு, டார், இன்னும் பல. இவற்றில் எதுவும் கெட்ஸைப் பயன்படுத்தவில்லை! க்னூலிப் என்ற பொது நிரல் தொகுப்பிலிருந்து எல்லோரும் எடுத்துக்கொண்ட ஒரு கோப்பில், கெட்ஸ் ஒரு பாதுகாப்பு ஓட்டை, அதைத் தொடாதே என்று எச்சரிக்கும் வரி ஒன்று இருந்தது. எச்சரிப்பதற்கு அந்தப் பெயர் எங்காவது அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும். பெயரே போனதும் எச்சரிக்கை வரி பிழையாகிவிட்டது. பேயை விரட்டக் கட்டிய வேப்பிலையில் கால் தடுக்கி விழுந்த கதை. லினக்ஸ் வழங்கல்களைப் பராமரிக்கிறவர்கள் பொதி பொதியாக உட்கார்ந்து அந்த ஒரு வரியை வெட்டினார்கள்.

இடைசெவலில் இருந்து எழுத்தாளர் கி. ராஜநாராயணன் கரிசலின் பேச்சு வழக்குச் சொற்களுக்கு அகராதி செய்தார். வாயில் இருந்ததை ஏட்டில் ஏற்றிய வேலை அது. சி தரநிலைக் குழு செய்தது எதிர்த்திசை. ஏட்டிலிருந்து ஒரு சொல்லை எடுத்தது. ஏட்டிலிருந்து போனாலும் வாயிலிருந்து போகவில்லை. பழைய நிரல்கள் ஓட வேண்டும் என்பதற்காக லைப்ரரிக்குள் கெட்ஸ் இன்னும் உயிரோடு இருக்கிறது. நண்பனின் நிரலில் 14 இடத்தில் இருந்தது.

*

கெட்ஸை எடுத்துவிட்டு எஃப்கெட்ஸ் போடு, முடிந்தது என்று நினைத்துத்தான் நானும் உட்கார்ந்தேன். அரை மணி நேர வேலை என்று மாமாவிடம் சொல்லியும் விட்டேன்.

போட்டு ஓட்டினேன். ஊர் என்ற கேள்விக்குக் கோவில்பட்டி என்று அடித்தேன். இருபது இடத்தில் சுழிக்கு ஒன்று போக, எஃப்கெட்ஸ் 19 பைட் எடுத்துக்கொண்டது. பதினெட்டு பைட்டில் “கோவில்” முடிகிறது. பத்தொன்பதாவது பைட் பகரத்தின் மூன்றில் ஒரு பங்கு. திரையில் அது ஒரு கருப்புச் சாய்சதுரத்துக்குள் கேள்விக்குறியாக நின்றது. பில்லில் ஊர் இருந்த இடத்தில் கோவில் மட்டும் இருந்தது. விலை பிழைத்துக்கொண்டது, நல்லது. ஆனால் அடுத்த கேள்வி, எத்தனை கிலோ என்பது, நிற்காமல் ஓடிவிட்டது. வாசலில் மிச்சம் நின்ற “ட்டி”யை எடையாக எடுத்துக்கொண்டு பூஜ்யம் கிலோ என்று எழுதிக்கொண்டது. நான் அடித்த 5, அதற்கடுத்த கேள்விக்குப் பதிலாகப் போய்ச் சேர்ந்தது.

அப்போது எங்கள் கண்மாய் ஞாபகம் வந்தது. கலுங்கு இல்லாத கண்மாயை நான் பார்த்ததில்லை. கரையைப் போடும்போதே, இந்த மட்டத்துக்கு மேல் வரும் தண்ணீர் இந்த வழியாகப் போகட்டும் என்று கல் வைத்துக் கட்டிவிடுவார்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் ஊருக்குள் ஒரே பேச்சு, மறுகால் பாய்ந்துவிட்டதா என்பதுதான். பாய்ந்துவிட்டது என்றால் கண்மாய் நிறைந்தது, கரை தப்பித்தது என்று இரண்டு அர்த்தம். சிறுவயதில் கலுங்கில் குளிக்கப் போவோம். குத்துக்கற்களுக்கு நடுவில் தழையும் மண்ணும் அடைத்து ஒரு முழம் கூடத் தேக்கப் பார்க்கிற ஆட்கள் இருந்தார்கள்; கரைக்கு ஆபத்து என்று அதைப் பிடுங்கிவிடுகிற ஆட்களும் இருந்தார்கள். வெட்டுக்குத்து வரை போன சண்டைகள் உண்டு.

நான் கலுங்கைக் கட்டிவிட்டேன், மறுகால் ஓடையைப் பார்க்கவில்லை. எஃப்கெட்ஸ் கரையைக் காப்பாற்றும். வழிந்த தண்ணீர் எங்கே போகிறது என்பது அதன் கவலை கிடையாது. ஓடை தூர்ந்திருந்தால் அது பக்கத்துப் பருத்திக் காட்டில்தான் நிற்கும். ரெக்கார்டு நோட்டுக் காலத்து என்டர் விசையும் இதே மறுகால்தான். எஃப்ஃப்ளஷ் என்று மந்திரம் போட்டோமே தவிர யாரும் ஓடை வெட்டவில்லை.

உவமை எல்லா இடத்துக்கும் வராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் பெய்தது. மாவட்டத்தில் ஓராண்டு முழுக்கப் பெய்யும் சராசரியைவிட அதிகம். கலுங்கு இருந்தும் கரைகள் உடைந்தன. எஃப்கெட்ஸுக்கு அந்த நிலை வராது, எத்தனை கோடி பைட் வந்தாலும் சொன்ன அளவோடு நின்றுகொள்ளும். மண்ணைவிட எண்ணுக்கு இந்த ஒரு சௌகரியம் இருக்கிறது. அந்த சௌகரியத்தை வைத்துக்கொண்டு கலுங்கே இல்லாத கண்மாயை 22 வருடம் ஏட்டில் வைத்திருந்தார்கள் என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

ஆக, 14 இடத்திலும் 14 விதமாக யோசிக்க வேண்டியிருந்தது. எஃப்கெட்ஸ் வரியின் கடைசியில் வரும் என்டரையும் சேர்த்தே வைத்துக்கொள்ளும், கெட்ஸ் அதைத் தள்ளிவிடும். அதைக் கவனிக்காமல் விட்டதால், அச்சிடவா என்ற கேள்விக்கு ஆம் என்று அடித்தும் நிரல் ஆம் என்று ஒத்துக்கொள்ளவில்லை. அதற்குத் தெரிந்த ஆமுக்கு வால் கிடையாது. இன்னும் மூன்று இடத்தில் அளவைச் சொல்ல சைஸ்ஆஃப் போட்டிருந்தேன். அங்கே கையில் இருந்தது இடம் அல்ல, இடத்தின் முகவரி. முகவரியின் அளவு 8 பைட். ஏழு பைட் எடுத்து “கோ”வோடு நிறுத்திக்கொண்டது. கம்பைலர் வாயே திறக்கவில்லை.

வழிவதை என்ன செய்வது என்பதற்கு மூன்று வழி இருந்தது. சத்தமில்லாமல் கொட்டிவிடலாம். இடத்தைத் தேவைக்கேற்ப வளர்த்துக்கொண்டே போகலாம், கெட்லைன் என்று 2008இன் போசிக்ஸ் தரநிலையில் வந்தது அதைச் செய்யும். கரையை உயர்த்திக்கொண்டே போகிற வேலை, வரி முடியாமல் வந்துகொண்டே இருந்தால் கணினியின் நினைவகம் பூராவும் கண்மாயாகிவிடும். மூன்றாவது, பெயர் நீளம் அதிகம், சுருக்கி அடியுங்கள் என்று வாயைத் திறந்து சொல்வது. நான் மூன்றாவதை எடுத்தேன். முதலில் ஊருக்கு 20க்குப் பதில் 200 பைட் கொடுத்தேன், அதற்கு மேல் வந்தால் மிச்சத்தை வரி முடியும்வரை வாங்கி ஓடையில் விட்டுவிட்டு, கேள்வியைத் திரும்பக் கேட்கிறது. எழுத்தின் நடுவில் வெட்டாமல் இருக்க ஒரு சிறு சோதனையும் வைத்தேன். மாமாவுக்கு இதெல்லாம் தேவையில்லை. “ஒரு பேரை வாங்கிப் போட இத்தன பாடா மாப்ள?” என்று கேட்டார். அரை மணி நேரம் என்று நான் சொன்ன வேலையின் நான்காவது நாள் அது.

இதே நிரலைச் சாத்தூரில் ஒரு சேவுக்கடையிலும் ஓட்டுகிறார்கள் என்று நண்பன் சொன்னான். அவர்கள் இன்னும் ஆங்கிலத்தில்தான் அடிக்கிறார்கள், ஒரு குறையும் தெரியவில்லையாம். ஒட்டை அவர்களுக்கும் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

அந்த ஒட்டில் கழித்தல் குறி போட்ட, அதாவது நீக்கிய வரிகள் 14. கூட்டல் குறி போட்டவை 63. கோவில்பட்டி இப்போது பில்லில் முழுசாக வருகிறது.